இஸ்திரி அக்காவும் காய்ந்த திரியும்

அவரை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் படுக்கை விரிப்புகளுக்கும் டாக்டர்களின் கோட்டுகளுக்கும் இஸ்திரி போட்டவர். நாற்பத்து நான்காவது வயதில் வலது மணிக்கட்டு மக்கர் செய்தது. இனிமேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கவே கூடாது என்று அந்த மருத்துவமனை டாக்டரே சொல்லிவிட்டார். "அவரு போட்டிருந்த கோட்டும் நான் தேய்ச்சதுதான். அதுக்காகவாவது கொஞ்சம் பாத்து சொல்லியிருக்கலாம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார்.

கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். இரண்டு பேரும் சேர்ந்து, இத்தனை நாள் உழைத்தது போதும், வீட்டில் சும்மா இரு என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா இரண்டு வாரம் சும்மா இருந்து பார்த்தார். மூன்றாவது வாரம் எங்கள் வாசலில் விண்ணப்பத்தோடு நின்றார்.

எங்களுடையது, மண்ணே இல்லாமல் தண்ணீரில் சத்தைக் கரைத்துக் கொடுத்துப் பயிர் வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களுக்கு ஆட்களைத் தயார் செய்கிற பயிற்சி நிலையம். ஆறு மாதப் படிப்பு. உரக்கரைசல் ஒருவர் பாடம், பூச்சியும் நோயும் இன்னொருவர் பாடம். கூடத்துக்குள் இருக்கும் வெப்பம், ஈரம், காற்று மூன்றையும் கட்டி மேய்ப்பது என் பாடம். மேய்ப்பது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கூரை ஜன்னலை எவ்வளவு திறப்பது, வெந்நீர்க் குழாயை எப்போது சூடாக்குவது, நிழல்துணியை எப்போது இழுப்பது, பனி போலத் தண்ணீர் தெளிக்கும் தூவான்களை எப்போது திறந்துவிடுவது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நான் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதற்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

முதல் நாள் வகுப்பில் அவரை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். "சார், உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். "அப்போ ஆறு வயசுல உங்கள பெத்துட்டேனா? அக்கான்னே கூப்பிடுங்க" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சிவந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அன்றைக்கே அவர்மேல் எனக்கு லேசான கடுப்பு வந்துவிட்டது.

அவருக்கும் என் பாடத்துக்கும் ஆரம்பத்தில் ஏழாம் பொருத்தம். "நீராவி அழுத்தப் பற்றாக்குறை" என்று ஒரு கணக்கு உண்டு. காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தைக் குடிக்க முடியும் என்பதன் அளவு அது. அளவு கூடினால் இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளிவிடும், குறைந்தால் இலை மூச்சு முட்டி நிற்கும். நான் கரும்பலகையில் சூத்திரம் எழுதி நாற்பது நிமிடம் விளக்கினேன். அக்கா கடைசியில் எழுந்து, "சார், காத்தோட தாகம்னு சொல்லுங்க, முடிஞ்சுபோச்சு" என்றார். அப்படியெல்லாம் தேர்வில் எழுத முடியாது என்று அதட்டினேன். அவர் அப்படியேதான் எழுதினார், எழுத்துத் தேர்வில் தோற்றார். எங்கள் நிலையத்தில் இரண்டு வாய்ப்புதான். மறுபடி ஆறு மாதம் முதல் நாளிலிருந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதி, எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டார். அதற்குள் மாணவர்கள் அத்தனை பேரும் "காத்துக்கு இன்னைக்கு தாகம் ஜாஸ்தி" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். நானும் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டு, இருமி மழுப்பினேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கூடத்துக்குள் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்க மாட்டார். செடிவரிசைக்கு நடுவே போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பிறகு சின்ன நோட்டில் ஓர் எண்ணை எழுதுவார். அதற்குப் பிறகுதான் திரையில் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்த்து, பக்கத்தில் அதையும் எழுதுவார். "என்னக்கா, தியானமா?" என்று கிண்டல் செய்வேன். "துணியில ஈரம் எவ்வளவு இருக்குன்னு தெரியாம பெட்டிய வச்சா பொசுங்கிடும் சார். அந்தப் பழக்கம்" என்பார். முதல் மாதம் இருபது, இருபத்தைந்து புள்ளி தள்ளிப்போயிருந்தது. நான்காவது மாதம் அவர் எண்ணுக்கும் திரையின் எண்ணுக்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இல்லை. நான் பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு நாள்கூட அப்படி நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கூடம், அறுபது வெள்ளரிச் செடிகள், பன்னிரண்டு நாள். கடைசி நாள் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து செடியையும் பதிவுகளையும் பார்ப்பார். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி ஒட்டியிருக்கும்: பயிற்றுநர் சொல்லாமல் கம்ப்யூட்டரைக் கைமுறைக்கு மாற்றினால் தோல்வி. எழுதி ஒட்டியவன் நான்தான். முந்தைய குழுவில் ஒரு புண்ணியவான் தனக்கு வேர்க்கிறதென்று கூரை ஜன்னல் முழுவதையும் திறந்துவிட்டு, குளிர்காற்றில் நாற்றுகளைக் கொன்றிருந்தார்.

அக்காவுக்கு இது வாழ்வா சாவா. ஊருக்கு வெளியே வெள்ளரி வளர்க்கும் பெரிய கூடம் ஒன்றில், சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். இதிலும் தோற்றால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது. பழைய வேலைக்குத் திரும்ப மணிக்கட்டும் விடாது.

ஒன்பதாவது நாள். சுள்ளென்று வெயில், கூடவே வறண்ட காற்று. நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டு, பாதி வாய் மரத்துப்போய் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன், அக்காவிடமிருந்து போன் வருகிறது.

"சார், கூரை ஜன்னல் முழுசா திறந்து கெடக்கு. சுடுதண்ணி குழாயும் ஓடுது. தூவான் நின்னுபோச்சு. இலையெல்லாம் தொங்குது சார்."

என் போனிலேயே கூடத்தின் அளவுகளைப் பார்க்கலாம். பார்த்தேன். ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு. அவ்வளவு ஈரம் இருந்தால் கம்ப்யூட்டர் செய்வது சரிதான். ஜன்னலைத் திறந்து, குழாயைச் சூடாக்கி, ஈரத்தை வெளியே விரட்டத்தான் வேண்டும்.

"அக்கா, தொண்ணூத்தெட்டு காட்டுது. ஈரம் ஜாஸ்தி. கம்ப்யூட்டர் சரியாதான் செய்யுது, தொடாதீங்க."

"இல்ல சார். நனைச்ச கைக்குட்டைய செடி நடுவுல தொங்கவிட்டேன். இருபது நிமிஷத்துல காஞ்சுடுச்சு. தொண்ணூத்தெட்டுல துணி காயுமா?"

"கைக்குட்டைய வச்சு பாக்கறதுக்கா அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கோம்?" என்று கத்தினேன். மரத்த வாயில் கத்தியதில் பாதிகூட அவருக்குப் புரிந்திருக்காது. அதனால் போனை வைத்துவிட்டு, கூடத்தின் பதிவிலும் ஏறும்படி எழுத்தில் அனுப்பினேன்: தொடாதீங்க. மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

பதில் வரவில்லை. இரண்டு பத்துக்கு என் போனில் ஓர் அறிவிப்பு வந்தது. கூடம் கைமுறைக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

டாக்டர் பஞ்சை எடுப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். வழி முழுக்கத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். திமிர் என்று நினைத்தேன். ஒரு வருடத்தை ஒரு கைக்குட்டைக்காகத் தூக்கிப் போட்டுவிட்டாரே என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது.

கூடத்தின் கதவைத் திறந்தால் உள்ளே நிழல்துணி இழுபட்டிருக்கிறது. ஜன்னல் கால்வாசிதான் திறந்திருக்கிறது. குழாய் ஆறிக்கொண்டிருக்கிறது, தூவான்கள் விட்டுவிட்டுத் தூவுகின்றன. திரையில் ஈரப்பதம் ஐம்பத்தெட்டு. அக்கா செடிகளுக்கு நடுவே தொங்கும் வெள்ளைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டி சொல்வதைத்தான் கம்ப்யூட்டர் நம்பும். அதற்குள் இரண்டு வெப்பமானிகள் உண்டு. ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் மேல் பருத்தித் திரி சுற்றி, திரியின் வால் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும். ஈரத்திரி காயக் காயக் குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஈரப்பதம் கணக்காகிறது. கிண்ணம் வற்றித் திரி காய்ந்துபோனால் இரண்டும் ஒரே வெப்பத்தைக் காட்டும். கம்ப்யூட்டரோ காற்றில் ஈரம் நிறைந்து வழிகிறது என்று நினைத்துக்கொள்ளும்.

அக்கா கையை நீட்டினார். உள்ளங்கையில் பழைய திரி கிடந்தது, கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்து, மஞ்சளடித்துப்போய். "இத மாத்தினதும் திரை நாப்பத்தொண்ணுக்கு எறங்குச்சு சார். தூவானுக்கு அப்புறம் ஏறுது" என்றார்.

திரி மாற்றுவதும் கிண்ணத்தை நிரப்புவதும் மாணவர் வேலை இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பயிற்றுநர் செய்ய வேண்டும், செய்துவிட்டுக் கதவில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டிருந்தேன். ஐந்து வாரமாகக் கையெழுத்தை மட்டும் போட்டிருந்தேன். எட்டுக் கூடங்களுக்கும் திங்கட்கிழமை காலையில் நடந்துகொண்டே போட்டுவிடுவேன், பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீர் அன்றைய வறண்ட காற்றில் தீர்ந்துபோயிருந்தது.

அந்தத் தாள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. அவர் அதைப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் மரத்த வாய்க்குள்ளேயே கரைந்துபோனது. சாயங்காலத்துக்குள் இலைகள் நிமிர்ந்துவிட்டன. ஏழெட்டு இலைகளின் ஓரம் மட்டும் கருகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டிருந்தால் அறுபதையும் பிடுங்கிப் போட வேண்டியிருந்திருக்கும்.

மூன்று நாள் கழித்துத் தேர்வாளர் வந்தார். ஒல்லியான அம்மாள். செடிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பதிவுகளைப் பார்த்ததும் சுருங்கியது.

"ஒண்ணு அம்பத்திரண்டுக்கு தொடாதீங்கன்னு பயிற்றுநர் சொல்லியிருக்காரு. ரெண்டு பத்துக்கு நீங்க தொட்டிருக்கீங்க. விதி தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். திரி காஞ்சிருந்துச்சு. அளவு தப்பு."

தேர்வாளர் கதவுக்குப் போய்த் தாளைப் படித்தார். "வாராவாரம் திரி மாத்தி, தண்ணி ஊத்தினதா இங்க கையெழுத்து இருக்கே. அப்புறம் எப்படி காயும்?"

அக்கா பேசவில்லை. தேர்வாளருக்கு அது பொய்யைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது. பேனாவைத் திறந்தார். பேனா 'தோல்வி'க் கட்டத்துக்குத்தான் போகிறது என்று எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

பதினோரு வருட வேலை. பொய்க் கையெழுத்து என்றால் சும்மா விடமாட்டார்கள். அந்த நேரத்தில் நான் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. அக்காவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டால் தேவலை, நான் தலையை மட்டும் ஆட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் கெஞ்சுவது மாதிரியோ மிரட்டுவது மாதிரியோ ஆகியிருக்கும். வெள்ளரிக்கொடியின் நுனியைக் கயிற்றில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"மேடம், அந்த கையெழுத்து பொய்" என்றேன். "அஞ்சு வாரமா நான் திரிய மாத்தல. அவங்க தொடலன்னா செடி செத்திருக்கும். தொடாதேன்னு சொன்ன நான்தான் தப்பு."

தேர்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். அதற்காகப் பிறகு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் பொறுப்பிலிருந்த எட்டுக் கூடங்களும் நான்காகக் குறைந்தன. எனக்கு வேண்டியதுதான். அக்காவின் தாளில் தேர்வாளர் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிக்கொண்டே அக்காவிடம் கேட்டார்.

"இவரு மாத்தலன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ஃபெயில் போடப்போறேன்னு தெரிஞ்சும் ஏன் வாய தெறக்கல?"

"சார் சொல்வாருன்னு இருந்தேன்."

"அவரு சொல்லலன்னா?"

அக்கா கொடியைக் கயிற்றில் சுற்றி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நானே சொல்லியிருப்பேன் மேடம். அதுக்கப்புறம் இவர சார்னு கூப்பிட்டிருக்க மாட்டேன்."