குழு பாய்லர்ல வந்த புளிச்ச டீ

இன்னைக்குக் காலைல எங்க மகளிர் குழு கூட்டம். குழுவுக்குப் பொதுவா குழாய் வெச்ச பெரிய பாய்லர் ஒண்ணு இருக்கு. விசேஷ வூடுகளுக்கெல்லாம் அதுதான் போகும்.

எதிர் வூட்டு சுரேஷ், கீசர் ரிப்பேர், குளிக்கத் தண்ணி காய வைக்கணும்னு வாங்கிட்டுப் போனான். ரெண்டு மாசம் கழிச்சு நேத்துதான் கொண்டாந்து வெச்சான்.

அதுல டீ போட்டு எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன். முதல் வாய்லயே மூஞ்சியச் சுளிச்சாங்க. அப்படி ஒரு புளிச்ச நாத்தம்.

மிச்ச டீயக் கீழ ஊத்திட்டுக் குழாயக் கழட்டிப் பாத்தா, உள்பக்கம் புதுசா ஒரு சல்லடை மாட்டியிருக்கு. அது பூரா கொழகொழன்னு ஊறிப்போன பார்லி. நானும் அதுக்குள்ள ரெண்டு வாய் குடிச்சிருந்தேன்.

சுரேஷைக் கூப்பிட்டுக் கேட்டா, கூச்சமே இல்லாம சொல்றான்: "வூட்லயே பீர் போட்டுப் பாத்தனுங்க்கா. பார்லி உடம்புக்கு நல்லதுதானுங்களே!"

"நாளைக்கு மாரண்டஹள்ளில காதுகுத்துக்குப் பால் காய்ச்சப் போற பாய்லர்டா இது!"ன்னு கத்துனேன்.

சத்தம் கேட்டு எங்க வூட்டுக்காரர் வந்தாரு. என் டம்ளர வாங்கி மோந்து பாத்தாரு.

"என்னப்பா சுரேசு, போன தடவ இவ்வளவு புளிப்பு இல்லையே."

அத்தன பொம்பளைங்களும் ஒரே நேரத்துல என்னையத் திரும்பிப் பாத்தாங்க.

பாய்லரப் புளி போட்டுத் தேய்ச்சுட்டேன். இவர எதப் போட்டுத் தேய்க்கறது, சொல்லுங்க.