தலைமன்னாருக்குப் போன ஆஸ்டின்

எங்கள் அப்பா சோலைமலை பொய் சொல்லமாட்டார் என்று தலவாக்கலையில் பெயர். டயர் தேய்ந்திருக்கிறதா என்று சவாரிக்கு வருகிறவர் கேட்டால், தேய்ந்துதான் இருக்கிறது என்று அவரிடமே சொல்லிவிடுகிற டிரைவர். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். ஆனால் அது சின்னப் பொய் இல்லை. மூன்று நாள் மட்டும் நாட்டைப் பார்க்க வந்த ஒரு கணவன் மனைவியைக் கடலின் தப்பான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போன பொய். இந்தக் கதையை அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன். மற்ற இடங்களில் அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி. எனக்கு ஐந்து வயது. எங்கள் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தவர்களெல்லாம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றோம். அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். மனுவில் அம்மா பெயரும் என் பெயரும் சேர்ந்தே இருந்தன. முந்தின மாதம் நுவரெலியாவில் முதல் விசாரணைக்குப் போனபோது, பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். அதைக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. "அடுத்த மாதம் கடைசித் திங்கட்கிழமை வா. பத்திரமும் வேண்டும், வேலை கொடுத்திருக்கிறவர் கடிதமும் வேண்டும். இன்னொரு தவணை கிடையாது" என்றார் விசாரணை அதிகாரி.

பத்திரம் வீட்டில்தான் இருந்தது. லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில், சாமி மாடத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் இரண்டு தாள்கள். ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று அவருடைய அண்ணனுடையது. அண்ணனின் பெயர் சின்னத்தம்பி. மூத்தவருக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, பெரியப்பா அதற்காகக் கடைசிவரை கேலிப்பட்டார். தாள்கள் இரண்டும் இங்கிலீஷில் இருந்தன. வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் பெரியவன் தாளில் ஒரு மஞ்சள் பொட்டு, சின்னவன் தாளில் ஒரு குங்குமப் பொட்டு என்று அவர்களுடைய அப்பா அழகன் அந்தக் காலத்திலேயே அடையாளம் வைத்துவிட்டார். முப்பது வருஷம் அந்த அடையாளத்தில் பிசகே வரவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அப்பா முதலாளியின் காரைக் கழுவிப் பொட்டு வைக்க டவுனுக்குப் போய்விட்டார். அம்மா வீட்டில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் முறத்துக்கும் பொட்டு வைத்தாள். பிறகு டின்னைத் திறந்தாள். விசாரணை நல்லபடியாக முடிய வேண்டுமே என்று இரண்டு தாளிலும் மஞ்சளும் குங்குமமும் தாராளமாக வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பெரியப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கிளம்பினார். அவர் மனுப் போடவே இல்லை. இங்கே மல்லுக்கட்டுவதை விட அங்கே போய் மண்வெட்டி பிடிக்கலாம் என்று இருந்தவர். "கையில இருக்கிற தாளையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகணுமாம் ராசம்மா" என்று சொல்லி டின்னை வாங்கிப் பார்த்தார். மேலே இருந்த தாளில் மஞ்சள் தெரிந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைக்கும் அப்பா சவாரி போயிருந்தார்.

விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, அப்பா டின்னைத் திறந்தார்; மீதி இருந்த தாளில் மஞ்சளும் குங்குமமும் சேர்ந்தே இருந்தன. தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் ஓடினார். கிளாக்கர் வாசித்துவிட்டு, "இது சின்னத்தம்பியோடது" என்றார்.

பெரியப்பா தலைமன்னாரில், இந்தியாவுக்குப் போகும் வியாழக்கிழமை கப்பலுக்காகக் காத்திருந்தார். அப்பா தந்தி கொடுத்தார். பதில் இல்லை. ரயிலேறிப் போக லீவு கேட்டு, கார் முதலாளி பைஸரிடம் நின்றார்.

"சோலைமலை, நாளையிலருந்து மூணு நாளைக்கு வண்டி மலாயாக்காரங்களுக்கு. எனக்கு வேற டிரைவர் இல்ல. நீ போயிட்டா நான் உனக்கு எப்படி, நிரந்தர வேலையில இருக்கான்னு லெட்டர் எழுதுறது?" என்றார் முதலாளி. கெட்டவர் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை.

புதன்கிழமை விடிந்ததும் நுவரெலியாவில் ஆஸ்டின் காரின் பானெட் மீது ஒரு வரைபடத்தை விரித்தார் கணேசமூர்த்தி. மலாயாவில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் படிக்கிற மகனைப் பார்க்க மனைவி நாகலெட்சுமியோடு கப்பலில் போகிறார். கப்பலில் ஏதோ பழுது. கொழும்பில் சில நாள் நிற்கிறது.

"தம்பி, கப்பல் சனிக்கிழமை கிளம்புது. கடலோரமா ஒரு பக்கம்தான் போக நேரம் இருக்கு. தெற்கே காலி, மாத்தறைப் பக்கமா, கிழக்கே திருகோணமலையா? நீ ஓட்டுறவன். எது அழகு, சொல்லு."

தலைமன்னாருக்குப் போகிற மன்னார்ப் பக்கம் அந்தக் கேள்வியிலேயே இல்லை. அப்பாதான் அதைச் சேர்த்தார்.

"மன்னார்ப் பக்கம் ஒண்ணு இருக்குங்கய்யா."

"அங்க என்ன இருக்கு?"

"ரெண்டு பக்கமும் கடலுங்க, நடுவுல ரோடு. திருக்கேதீஸ்வரம்னு பாடல் பெற்ற சிவன் கோயில் இருக்குங்க. திரும்பும்போது புத்தளம், சிலாபம், நீர்கொழும்புன்னு கரையோரமாவே கொழும்பு போயிறலாம்."

இதுவரை எல்லாம் உண்மை. கோயில் என்றதும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் கணேசமூர்த்தி பென்சிலைக் காலியின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். "கப்பல்ல எல்லாரும் காலி ரோடுதான் சொன்னாங்க. தென்னை, வளைவு வளைவா கடல்…"

அப்பா காலி ரோட்டில் எத்தனையோ முறை ஓட்டியவர். அதை விட அழகான சாலை இந்த நாட்டில் இல்லை என்று சவாரிக்காரர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

"காலி ரோட்டுல வெள்ளங்கய்யா. ஆறு ஏறி ரோட்டை மூடிருச்சு. வண்டி போகாது."

பென்சில் மேலே நகர்ந்தது.

கண்டி, மாத்தளை, தம்புள்ளை தாண்டி அன்று அநுராதபுரத்தில் தங்கினார்கள். வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். கணேசமூர்த்தி சாவகாசமாகக் குளித்து, புத்தர் கோயில் வெள்ளரசு மரத்தைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்து, காருக்கு வரும்போது எட்டு மணி. கப்பல் பதினொன்றரைக்கு. அப்பா வண்டியை ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். ஏதாவது பேசினால் கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது என்பார்.

மதவாச்சி தாண்டியதும் காட்டுப் பாதை. வழியில் ஒரு ரயில் கேட் அடைத்துக் கிடந்தது. கூட்ஸ் வண்டி வந்து போகக் கால் மணி நேரம். அப்பா இறங்கி நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட் திறந்ததும் அவர் போட்ட போடில் பின்னால் இருந்தவர்களுக்குக் கூரை இடித்தது.

"கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றார் நாகலெட்சுமி அம்மாள். "கோயில் எப்ப வரும்?"

"வந்துரும்மா."

கோயிலுக்குத் திரும்புகிற இடம் வந்தது. பலகையும் இருந்தது. கார் நிற்காமல் நேரே போயிற்று.

"தம்பி, கோயில்!"

"திரும்பும்போது பாத்துக்கலாம்மா."

கணேசமூர்த்தி முன்னால் குனிந்தார். "வண்டியை நிறுத்து. காலையிலருந்து பார்க்கிறேன், நீ எங்களுக்காக ஓட்டலை. நிறுத்துன்னு சொல்றேன்!"

அப்போது கார் மன்னார்ப் பாலத்தில் ஏறியிருந்தது. சொன்னபடியே இரண்டு பக்கமும் கடல். வெயிலில் வெளுத்துப்போன, அலையே இல்லாத தண்ணீர். அப்பா நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்கட் டின், பொட்டு, திங்கட்கிழமை விசாரணை, பதினொன்றரைக் கப்பல் என்று ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போதே அழுதார். அம்மா இந்த இடத்தில், "அழுதாராம்!" என்று நொடிப்பாள். ஆனால் மறுக்கமாட்டாள்.

"அப்ப காலியில வெள்ளம்?"

"இல்லீங்கய்யா. பொய் சொன்னேன்."

"பாவி! என் வாழ்நாள்ல இன்னொரு தடவை இங்க வருவேனா? பொய் சொல்லி எங்களை இந்தப் பொட்டல்ல…"

"திட்டுறதை அப்புறம் திட்டுங்க" என்றார் நாகலெட்சுமி அம்மாள். "மணி பதினொண்ணாகப் போகுது. தம்பி, நீ ஓட்டு."

தலைமன்னார் இறங்குதுறையில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தகரப் பெட்டிகள், மூட்டைகள், இடுப்பில் பிள்ளைகள். டிக்கெட் இல்லாதவர்களுக்கு வேலியோடு சரி. அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தியபடி ஓடினார். கப்பல் ஏறுகிற படிக்கு முன்னால் பத்துப் பேருக்குப் பின்னால் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாராம்.

"தாளுண்ணே! பொறப்புத் தாளு! மாறிப்போச்சு!"

பெரியப்பா வரிசையை விட்டு வேலிக்கு ஓடி வந்தார். இடுப்பிலிருந்து தாளை எடுத்துக் கம்பி இடுக்கில் நீட்டினார். அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு மற்றதை நீட்டினார். "இந்தா, ஒன்னோடது."

"எனக்கு எதுக்குடா? இங்க பொறந்தேன்னு அங்க போயி யாருகிட்ட காட்டுறது? நீயே வச்சிக்க."

அப்பாவின் கையில் இப்போது இரண்டு தாள்கள். இரண்டிலும் மஞ்சள், இரண்டிலும் குங்குமம். அவர் பதறிப்போய், மனைவியோடு பின்னால் வந்த கணேசமூர்த்தியிடம் திரும்பினார். "ஐயா, எது என்னோடதுன்னு படிச்சுச் சொல்லுங்கய்யா."

அந்த மனிதர் கோபத்தோடுதான் கண்ணாடியை மாட்டினார். ஆனால் முப்பது வருஷம் தபால் பார்த்த கண். அரைகுறையாகப் படிக்கத் தெரியாது. பிறந்த தேதி, இடம், ஆண், தகப்பன் பெயர் அழகன், பிள்ளை பெயர் சோலைமலை. "இன்னொரு தடவை பேரைச் சொல்லுங்கய்யா" என்றார் அப்பா. மறுபடி வாசித்தார். அடுத்த தாளையும் வாசிக்கச் சொன்னார். பின்னாலிருந்து பெரியப்பா ஏதோ சொன்னார். "இருண்ணே, ஒரு நிமிசம் இருண்ணே" என்றார் அப்பா, திரும்பாமல்.

வாசித்து முடிந்து அவர் திரும்பியபோது வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்கள் நின்றார்கள். வரிசை படியில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை தலைப்பாகையில் எது பெரியப்பா என்று தெரியவில்லை. கப்பல் ஊதியது.

திரும்பும் வழியில் கோயிலில் நிறுத்தினார். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு எல்லாம் சொன்னபடி காட்டினார். கணேசமூர்த்தி முதலாளியிடம் புகார் செய்யவில்லை. கொழும்பில் இறங்கும்போது, "லண்டன்லருந்து வர்றதுக்குள்ள காலி வெள்ளம் வத்திருமில்ல?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை அதிகாரி தாளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மஞ்சள் கறை என்ன என்று கேட்டார். எட்டு மாதத்தில் எங்கள் மூன்று பேருக்கும் பிரஜாவுரிமை வந்தது. தோட்டமே எங்கள் லயத்தில் கூடி நின்றது. அப்பா சிரிக்கவில்லை. பெருமைக்காரர் என்று பேசிக்கொண்டார்கள்.

அறுபத்தொன்றில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் கடிதம் வந்தது. பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். நான்தான் வாசித்தேன். அப்பா டின்னைத் திறந்து பெரியப்பாவின் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாததை அன்றுதான் அம்மாவிடம் சொன்னார். தலைமன்னாரிலிருந்து காரில் திரும்பும்போது நாகலெட்சுமி அம்மாள் அவரிடம் கேட்டது அது.

"ஏன் தம்பி, நீ தாளைப் பார்த்துத் திரும்பி நின்னப்போ, உங்க அண்ணன் கம்பிக்குள்ள கையை விட்டு, நீ பிடிப்பேன்னு நீட்டிக்கிட்டே நின்னாரே, பார்க்கலையா?"