சைக்கிள் ஸ்டாண்டுச் சங்கம்

ஆவடி குவார்ட்டர்ஸ் நாகவல்லிக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. எண்பத்தாறில் அவள் பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்ந்தபோது வகுப்பில் பாதிப் பேர் தமிழ் மீடியம். பேராசிரியர் ஜம்புலிங்கம் அம்பத்தூரில் ஆரம்பிக்கும் இங்கிலீஷ் வாக்கியம் அரக்கோணம் போய்த்தான் நிற்கும். நடுவில் ஏற முயன்றவர்கள் தண்டவாளத்தில் கிடப்பார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் ஒரு தேற்றத்தின் நடுவே கண்ணயர்ந்து விழித்தபோது மீசை முளைத்திருந்தது. நம்பாதவர்கள் அவன் மீசையைப் போய்ப் பார்க்கலாம்.

பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடுத்து படிப்பை விட்டு நிற்கப்போவது கள்ளிக்குப்பம் பேபி என்று எல்லோருக்கும் தெரியும். ஆய்வகத்தில் நாகவல்லியின் மேசைக்காரி அவள். இவளையாவது பட்டம் வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று நாகவல்லி பிடிவாதம் பிடித்தாள்.

அவள் கூப்பிட, மிச்சமிருந்தவர்கள் வகுப்பு முடிந்ததும் அன்றைய பாடத்தைப் பேசிப் புரிந்துகொள்ள சைக்கிள் ஸ்டாண்டில் கூடினார்கள். சட்டம் ஒன்றுதான்: கடைசியாக யாருக்குப் புரிந்ததோ, அவர்தான் மறுநாள் முதலில் விளக்க வேண்டும். முள் எங்கே குத்தியது என்பது அவருக்குத்தானே இன்னும் மறந்திருக்காது! அங்கே கடைசி ஆள் என்றால் மரியாதை. அதற்குப் போட்டியே நடந்தது.

ஒருநாள் பேபி ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றிவிட்டாள்.

"சக்கரத்தோட எட எவ்ளோ கீதுன்னு பாக்காதே. எங்க கீதுன்னு பாரு. எல்லாம் ஓரத்துல கீது. அதான் நிறுத்தப் போனா கையப் புடுங்குது. இதுக்குப் போயி மொமென்ட் ஆஃப் இனர்ஷியான்னு இன்னா பேருடி வச்சிக்கீறானுங்க!"

அன்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஆண்டு யாரும் நிற்கவில்லை.

சேதி ஜம்புலிங்கத்தின் காதுக்குப் போனது. ஃபேன் போட்ட அறை தருகிறேன், இயற்பியல் மன்றம் என்று பேர் வைப்போம், நீதான் செயலாளர் என்றார். நாகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

தொடக்க விழாவுக்கு ஃபேக்டரி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். உங்கள் முறையைக் காட்டுங்கள் என்றார். நாகவல்லி சட்டப்படியே நடந்தாள். மைக்கைப் பிடித்து, "எங்கள் வகுப்பில் கடைசியாகப் புரிந்துகொள்பவர் இப்போது மேடைக்கு வருவார்," என்றாள்.

சைக்கிள் ஸ்டாண்டில் அது பட்டாபிஷேகம். மேடையில் அது என்னவென்று பேபி எழுந்து நின்றபோதுதான் நாகவல்லிக்கு உறைத்தது. வாய் விட்ட சொல்லை மைக் திருப்பித் தருமா?

"எட எங்க கீதுன்னு..." என்று ஆரம்பித்தாள் பேபி.

"எந்த ஆட்டோ ஸ்டாண்டுல பிடிச்சீங்க இவங்களை?" என்றார் அதிகாரி.

அரங்கம் சிரித்தது. ஜம்புலிங்கம் குலுங்கினார். விருந்தாளியின் ஜோக்காயிற்றே என்று நாகவல்லியின் உதடும் கொஞ்சம் விரிந்தது. பேபி பார்த்தது அந்த உதட்டைத்தான்.

மறுநாள் மேசையில் ஆள் இல்லை. அதன்பிறகும் இல்லை. நாகவல்லி சொல்லி அனுப்பினாள். நேரில் போக மன்ற வேலை விடவில்லை.

தொண்ணூற்றேழில் மன்றத்துக்குப் பத்தாவது ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர், இப்போது வேறொரு கல்லூரியில் விரிவுரையாளரான நாகவல்லி. பேபியையும் அழைத்துப் போகலாமென்று அன்று காலையில் முதல்முறையாகக் கள்ளிக்குப்பத்துக்குப் போனாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணிக் கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேபி, தலையைப் பின்னியபடியே கேட்டாள்.

"நீ நல்லதுக்குத்தான் கூப்ட்டே வல்லி. அது எனக்குத் தெரியாதா? அவன் சிரிச்சான், போறான். அத்தினி பேர் ஒண்ணாக் குந்திப் படிச்சோமே, ஒருத்தராச்சும் ஊட்டாண்ட வந்து ஏண்டி வர்லேன்னு கேட்டீங்களா?"

நாகவல்லி விழா அழைப்பிதழை நீட்டினாள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு. நீ போ. போயி, இன்னிக்கு யாரக் கூப்புடப்போறியோ கூப்புடு."

விழா அரங்கில் அந்தச் சட்டத்தைத் தங்க எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். "கடைசியாகப் புரிந்துகொள்பவர் வருவார்" என்று அறிவித்ததும், முதல் ரேங்க் மாணவி எழுந்து வந்தாள். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தாளாம். நல்ல இங்கிலீஷில் தடுக்காமல் விளக்கினாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாகவல்லியும் தட்டினாள்.