லோர்னாவின் கொல்லைப் புல்

ஸ்கூல் பஸ் ஓட்டுகிற லோர்னாவுக்குக் கொல்லைப்பக்கம் பார்க்கவே பிடிக்காது. புல் இருக்க வேண்டிய இடமெல்லாம் களை, நடுநடுவே சொட்டை. ஜூனில் மகள் பெத்தனி பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அமெரிக்காவில் அவர்கள் இருக்கிற ஒஹையோவில் அதற்குக் கொல்லையில் கூடாரம் போட்டு, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தாக வேண்டும். நாலு பேர் முன்னால் பெண் தலைகுனிந்துவிடக் கூடாதே என்பதுதான் லோர்னாவின் கவலை. ஆள் வைத்துச் சரிசெய்யக் காசு ஏது?

ஏப்ரலில் தள்ளுபடியில் ஒரு மூட்டை புல்விதையும், களையை முளைக்கவே விடாத உரம் ஒரு மூட்டையும் வாங்கினாள். ஒரே நாளில் இரண்டையும் தூவினாள். தினமும் விடியுமுன் எழுந்து தண்ணீர் விட்டுவிட்டுத்தான் பஸ்ஸை எடுத்தாள். மே பிறந்தும் ஒரு முளை வரவேண்டுமே? ம்ஹூம்!

பக்கத்து வீட்டு வெர்ன் வேலிக்கு அந்தப்பக்கம் தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டையும் ஒண்ணாவா போட்ட? அடிப் பாவி! களையை முளைக்க விடாத மருந்து புல்லை மட்டும் விடுமா?"

"இப்ப வந்து சொல்லுங்க. தூவறப்ப வேலில சாஞ்சு வேடிக்கை பாத்தது யாராம்?"

"வெறும் உரம்னு நெனச்சேன். விடு, இனிமே செப்டம்பர்லதான் விதைக்கணும். இருக்கிற பச்சையைக் கொஞ்சம் உயரமா விட்டு வெட்டு. தூரத்துலேர்ந்து பாத்தா புல்லுதான்."

கேட்டாளா? கேட்கவில்லை. வேலை முடிந்து வந்து மண்டிபோட்டுக் களை பிடுங்கினாள். கராஜுக்குப் பின்னாலிருந்த நல்ல புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்து வந்து சொட்டையில் பதித்தாள். விருந்தன்று காலையிலும் அதே வேலைதான். உடம்பா அது, இரும்பா?

ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ஹாம் சாண்ட்விச் தட்டுகளை அடுக்கிவிட்டு, ஒரு நிமிஷம் என்று கூடாரத்து ஓரமாக உட்கார்ந்தாள்.

கண் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெத்தனி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எங்கடி?"

"போயாச்சும்மா."

"கேக்?"

"வெட்டியாச்சு."

"என்னை எழுப்பக் கூடாதா?"

"எழுப்பினேன்மா. 'இந்த ஓரம் மட்டும் பிடுங்கிட்டு வரேன்'னு சொல்லிட்டுத் திரும்பத் தூங்கிட்ட."

லோர்னா காலடியில் பதித்த புல்லைப் பார்த்தாள். "புல்லைப் பத்தி யாராவது ஏதாவது...?"

"ஒருத்தரும் குனிஞ்சுகூடப் பாக்கலம்மா," என்றாள் பெத்தனி. "கேக் வெட்டறப்ப நீ பக்கத்துல நிப்பேன்னுதான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."