சொந்த வசனம்

ஹட்டனில் எட்டாம் வகுப்பு படித்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரே நாளில் நாற்பது வார்த்தைகளைக் கரும்பலகையில் எழுதினார். எல்லாமே குற்றமும் சட்டமும். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லி, உடனே ஒரு சொந்த வசனமும் சொல்ல வேண்டும். அர்த்தத்தோடு நிறுத்தினால் பாதி மார்க்குதான். "உங்கட வீட்டில நடந்ததாய் இருக்கோணும் பிள்ளையள். புத்தகத்தில இருக்கிறது எனக்கு வேண்டாம்" என்பார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தலைகால் புரியாமல், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்க வழக்குப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் வாசலில் கால் வைத்தால் ட்ரெஸ்பாஸ். அம்மா முதுகில் ஒன்று வைத்தால் அசோல்ட். என் பங்கு ரொட்டியைத் தம்பி பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது வெறும் தெஃப்ட் இல்லை, ரொபரி; பலவந்தம் இருக்கிறதே! அம்மாவுக்கு எரிச்சல். அப்பாவின் தங்கை, என் அத்தை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். கொழுந்து பறித்த களைப்போடு என் கம்பளிக்குள் புகுந்துகொண்டு, "இன்னிக்கு யாருடி உள்ள போனா?" என்பாள்.

அந்த அத்தைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எங்கள் லயத்தில் ஒரு காம்பரா, ஒரே ஒரு அறை, கிடைத்தால் இங்கேயே வந்து பேர் பதிந்து வேலை செய்வதாகச் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் அத்தை வட்டகொடைக்குப் போய்விடுவாள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையும் கடைசிக் காம்பராவைத் தருவதாகத் தலையாட்டியிருந்தார். அந்தக் காம்பராவைத்தான் நான் தினமும் சாமியிடம் கேட்டேன்.

பரிசம் போட வரும் நாளன்று காலையில் அத்தைக்குத் தலையில் வைக்க டேலியா வேண்டுமாம். துரை பங்களாவில் தட்டு அகலத்துக்குச் சிவப்பாய் ஒன்று பூத்திருந்தது. "திருட்டு அத்தே" என்றேன். "ஒத்தப் பூவுதானடி" என்று வேலிக்குள் கையை விட்டாள். நான் கேட்டருகே நின்று ஆள் வருகிறதா என்று பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடினோம்.

அது துரைசாணி பூக் கண்காட்சிக்கென்று வளர்த்த பூ. மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், துரை குதித்தாராம். அத்தை தலையில் அதைப் பார்த்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்களாம்.

அந்த வாரமே காம்பராவுக்குத் துண்டுச்சீட்டு வாங்க அப்பா, அத்தை, நான் மூவரும் ஆபீசுக்குப் போனோம். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த துரை, தோட்டத் தமிழில், "பூ யாரு எடுத்தது, தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க தொரை" என்றார் அப்பா, கண்ணிமைக்காமல்.

துரை என் பள்ளிக்கூடத்து வெள்ளைக் கவுனைப் பார்த்தார். தெஃப்ட் என்றால் என்னவென்று தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் இங்கிலீஷில் கேட்ட முதல் கேள்வி! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அர்த்தத்தை ஒப்பித்து, தம்பி சீனி டப்பாவில் கை விட்டதைச் சொந்த வசனமாகச் சொன்னேன். துரை சிரித்தேவிட்டார். திருடனுக்குத் துணை நிற்பவனை எப்படிச் சொல்வது என்றார்.

"அகம்ப்ளிஸ்!" என்று கத்தினேன். அர்த்தமும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி மார்க் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. என் அத்தை டேலியாவைப் பறித்தபோது நான் கேட்டில் காவல் நின்றேன் என்று, ஒரு பிழையில்லாமல், இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

துரை பேனாவை மூடினார். "காம்பரா இல்ல. போ" என்றார் தமிழில்.

அப்பா முன்னால் நடந்தார். நான் விக்கி விக்கி அழுதேன். திடீரென்று அத்தை நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "தொரைக்கே பாடம் எடுத்துட்டாளே, அண்ணே!" அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. லயம் வரைக்கும் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனோம்.

கல்யாணம் முடிந்து ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோதும் அத்தை விடவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "அடியே, செஞ்ச குத்தத்தத் தானே ஒத்துக்கிட்டா அதுக்கு என்னடி வார்த்தை?" என்றாள்.

"கன்ஃபெஷன்."

"சொந்த வசனம்?"

"உன்ன நான்தான் அத்தே வட்டகொடைக்கு அனுப்பி வச்சேன்."

ரயில் நகர்ந்தது. அத்தை சிரித்துக்கொண்டேதான் கையாட்டினாள். அன்றைக்குப் படுத்தபோது கம்பளி எனக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது.