கதவில்லாத வேடங்கள்

கதவைத் தள்ளுவதற்கு முன்பே கெட்ஸல் வினோகூரின் வலக்கை மேலே போய்விடும். நிலைக்காலைத் தொடும், விரல்நுனி உதட்டுக்கு வரும், அங்கிருந்து நேரே வலது காதுக்குப் போய் மடலை ஒருமுறை இழுத்துவிடும். அதற்குப் பிறகுதான் மனிதர் காபிக் கடைக்குள் காலை வைப்பார்.

நிலைக்காலில் வேத வரிகள் அடங்கிய சின்னக் கூட்டைப் பொருத்துவதும், போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு முத்தமிடுவதும் யூதர்கள் குடியேறி வாழும் இரண்டாம் அவென்யூவில் எல்லோரும் செய்வதுதான். வினோகூரின் கைக்குக் கூடு இருக்கிறதா இல்லையா என்ற கவலை கிடையாது. முடிவெட்டும் கடை, போலீஸ் ஸ்டேஷன், படகுத்துறைக் கழிப்பறை, எல்லா வாசலுக்கும் ஒரே மரியாதை. பக்திமான் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரே பட்டினி கிடக்கும் பெரிய நோன்பன்று திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உப்பு மீன் தின்று அகப்பட்டவர். கை அதுபாட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். காதை இழுப்பது எந்த ஊர் வழக்கம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்டால், "காது அரிக்குதுய்யா, உனக்கென்ன?" என்பார்.

நாடக நடிகர்கள் கூடும் அந்தக் கடையில் ஜன்னலோர மேஜைகள் கதாநாயகர்களுக்கு. வினோகூருக்கு அடுக்களைப் பக்கத்து மேஜை. பரிசாரகன் ஃபைவல் கண்ணாடித் தம்ளரில் டீயைக் கொண்டுவந்து வைத்ததும், சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு உறிஞ்சுவார். இருபத்திரண்டு வருடமாக வில்லன். நாலாம் அங்கத்தில் சாவதுதான் தொழில், அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கத்தி பாய்ந்த பிறகு பதினோரு நிமிடம் எடுத்துக்கொள்வார். விழுவார், எழுவார், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார், ஒருவரை மட்டும் சபிப்பார், மறுபடி விழுவார். மாடி வரிசை ரசிகர்கள், "வினோகூர், இன்னொரு வாட்டி சாவு!" என்று கூவினால் எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடியும் சாவார்.

இப்படிப்பட்டவர் ஊமைப் படத்தில் நடிக்கப் போனதைக் கேட்டு ஜன்னலோர மேஜைகள் சிரித்தன. குரலைக் கரையில் வைத்துவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் படக் கம்பெனிக்குப் போய்க் கையைக் காலை ஆட்டுவது நடிகன் செய்கிற வேலையா? வினோகூரும் முதலில் அப்படித்தான் சொன்னார். அவருடைய பழைய நாடகக் குழுவில் மேடைக்கடியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுத்த ஷாயாதான் அவர் மனத்தைக் கெடுத்தது.

"படம் ஒடெஸாவுக்கும் போகுமாய்யா?" என்றார் வினோகூர்.

"சைனாவுக்கே போகுது. ஒடெஸாவுக்குப் போகாதா?"

வினோகூர் டீத் தம்ளரைத் தள்ளி வைத்தார். "கடுதாசின்னா கிழிச்சுப் போட்டுடுவா," என்றார். "படத்தை எப்படிக் கிழிப்பா?"

கிழிப்பவள் ஹிந்தா, ஒரே மகள். ஒடெஸாவில் அவள் கல்யாண விதானத்துக்குக் கீழே நின்ற நாளில், தாயில்லாப் பெண்ணுக்குத் துணையாக நிற்க வேண்டிய தகப்பன் லெம்பெர்க் நகரில் மேடையில் செத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வருவதாகத் தந்தி கொடுத்தார். அடுத்த வாரம் குழு இந்த ஊருக்குக் கப்பலேறியது, கூடவே இவரும் ஏறிவிட்டார். ஆறு வருடமாக மாதம் தவறாமல் எழுதுகிறார். பதில் என்று ஒரு வரி வந்ததில்லை. அவள் ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், மனம் இளகிவிடும் என்பது அவர் கணக்கு.

முதல் வேடமே அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டது. ஸ்பானியக் கோமகன். இடுப்பு வரை தாடி, காதோரம் சுருண்ட மீசை, புருவத்துக்கு மேல் ஒட்டுப் புருவம். முகத்தில் சொந்தமாக மிஞ்சியது மூக்கு மட்டும். படத்தில் நடிகர்களின் பெயரைப் போடும் பழக்கமும் அந்தக் கம்பெனியில் இல்லை. "மூக்கை வச்சுக் கண்டுபிடிப்பாளா?" என்று ஷாயாவிடம் கேட்டார். "அந்த மூக்கு ஒடெஸாவுல தெருவுக்கு நாலு இருக்கு" என்றார் ஷாயா.

வசனமே இல்லாத படத்திலும் எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் வினோகூருக்கு நடிப்பு வராது. ஆகவே ஷாயா கேமராவுக்கடியில் குந்தியிருந்தார். டைரக்டர் ஹாலரன் ஐரிஷ்காரர், பொறுமை குறைவு, தொண்டை பெரிது. அவர் கத்துவதை யூதர்களின் இத்திஷ் மொழியில் முணுமுணுப்பதும் ஷாயாவின் வேலை. காட்சி சுலபம்தான். கோமகன் கதவை உதைத்துத் திறந்து, கட்டிலில் தூங்கும் கதாநாயகியைக் கொல்ல உள்ளே பாய வேண்டும். கோமகன் கதவை உதைத்தார், நிலைக்காலைத் தொட்டார், விரலை முத்தமிட்டார், காதை இழுத்துக்கொண்டார், கொல்லப் பாய்ந்தார்.

"அந்தக் கை என்ன பண்ணுது?" என்றார் ஹாலரன்.

"எந்தக் கை?" என்றார் வினோகூர், நிஜமாகவே தெரியாமல்.

வலக்கையில் மெழுகுவர்த்தித் தண்டைக் கொடுத்தார்கள். இடக்கை மேலே போயிற்று. இடக்கையில் வாளைக் கொடுத்தார்கள். வாசலில் ஒரு கணம் தயங்கிய கோமகன், கழுத்தை நீட்டி உதட்டாலேயே நிலைக்காலைத் தொட்டார், தாடி பாதி பிய்ந்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. தண்டையும் வாளையும் பிடுங்கிக்கொண்டு பழையபடி வெறுங்கையோடு விட்டார்கள். ஒன்பது தடவை எடுத்தார்கள், வெயில் இறங்கிவிட்டது. ஹாலரன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "ஸ்பெயின்ல இப்படித்தான் பண்ணுவாங்கன்னு வச்சுக்குவோம். எவன் போய்ப் பாத்தான்?"

மற்ற ஊர்களில் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் அவென்யூக்காரர்கள் கூடும் ஹவுஸ்டன் தெருக் கொட்டகையில் கோமகனின் விரல் உதட்டுக்குப் போன உடனே சிரிப்பில் கூரை பறந்தது.

"ஏ கோமகனே! கொல்றதுக்கு முன்னாடி கையைக் கழுவிக்கோ!" என்றாள் ஒருத்தி.

"அம்மா சூப்பு வச்சிருக்கா, குடிச்சிட்டுக் கொல்லுப்பா!" என்றாள் இன்னொருத்தி.

நாலாவது வரிசையில் இருந்த வினோகூர் நாற்காலியோடு நாற்காலியாகச் சுருங்கிப்போனார். இருபத்திரண்டு வருடமாகப் பெண்களை அலறவைத்த மனிதருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்தது. மறுநாள் காபிக் கடையில் ஜன்னலோர மேஜைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் நாற்காலிக்கும் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் முத்தம் கொடுத்தார்கள். செய்தி ஆற்றைக் கடந்து கம்பெனி முதலாளியின் காதுக்கும் எட்டியது.

"இனிமே உனக்குக் கதவே கிடையாது," என்றார் ஹாலரன். "இன்னொரு வாட்டி அந்தக் கை மேலே போச்சு, அடுத்த படகுல நீ வீட்டுக்கு."

அன்றிலிருந்து வினோகூருக்குக் கதவில்லாத வேடங்கள். பாறைமேல் ஆடு மேய்த்தார். ஓடம் கவிழ்ந்து மூழ்கினார். செவ்விந்தியத் தலைவராகக் கூடாரத்துக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தார், முன்னெச்சரிக்கையாக உள்ளே விடவில்லை. எல்லாவற்றிலும் முகத்தை மறைத்து ஏதாவது ஒன்று. சாவதற்கு இருபது விநாடிதான். "தும்முறதுக்கே எனக்கு அதுக்கு மேல ஆகும்" என்று புலம்பினார். ஆனாலும் விடியற்காலைப் படகை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

போன மாதம் ஃபைவல் டீயோடு ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து வைத்தான். ஒடெஸா முத்திரை. வினோகூர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடுவதாகப் பாவனை செய்தார், அது மூக்கிலேயே இருந்தது. "நீ படிய்யா" என்று ஷாயாவிடம் தள்ளினார்.

ஷாயாவுக்கு மேடைக்கடியில் படித்துப் பழகிய குரல், கிசுகிசுப்பாகத்தான் வரும். வினோகூருக்கு அந்தக் குரல் காதில் விழுந்தால் திருப்பிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆகவே ஷாயா மெல்லப் படிக்க, வினோகூர் உரக்கச் சொல்ல, கடை முழுக்க ஹிந்தாவின் கடிதத்தைக் கேட்டது.

"அப்பா, சித்தி என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனா."

"அப்பா, சித்தி என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனா!"

"உன் தாடி ரொம்ப அசிங்கம்."

"உன் தாடி ரொம்ப அசிங்கம்!" ஜன்னலோர மேஜைகள் சிரித்தன.

"கதவைத் தொட்டே, கையை முத்தம் வச்சே, காதை இழுத்தே. நான் எழுந்து நின்னு எங்கப்பான்னு கத்திட்டேன்."

அதையும் சொன்னார், குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"சின்னதுல என்னைத் தூக்கிக் கதவைத் தொடவச்சு, அப்புறம் இழுப்பியே. அது என் காதுப்பா."

வினோகூர் திருப்பிச் சொல்லவில்லை. நடிகன் வரியை மறந்தால் செய்வதைப் போல ஷாயா இரண்டாம் முறை எடுத்துக்கொடுத்தார். மூன்றாம் முறையும் கொடுத்தார். ஃபைவல் டீத் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டான். ஜன்னல் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மிச்சத்தை ஷாயா தனக்குள் பேசுவதைப் போலப் படித்து முடித்தார். "கோபம் இன்னும் தீரல. தீந்துபோச்சுன்னு நினைச்சுக்காதே. என் பொண்ணுக்கு மூணு வயசாகுது. உன் அடுத்த படத்துக்கு அவளையும் தூக்கிட்டுப் போவேன். இதுதான் தாத்தான்னு எதைப் பார்த்துக் காட்டுறது?"

போன வியாழக்கிழமை அக்கரையில் கடற்கொள்ளைக்காரர் படம். வினோகூர் கப்பல் தலைவன். ஒரு கண்ணுக்குக் கறுப்புத் துணிக்கட்டு, முகமெல்லாம் கரி, மார்பு வரை சிவப்புத் தாடி. கப்பல்தளத்தில் பாய்மரம் ஒன்றுதான் நட்டிருந்தார்கள். மருந்துக்குக்கூடக் கதவு கிடையாது, ஹாலரனே சுற்றிவந்து பார்த்துத் திருப்திப்பட்டார். கத்தி பாய்ந்தது, இருபது விநாடி ஓடத் தொடங்கியது. வினோகூர் தள்ளாடிக்கொண்டு போய்ப் பாய்மரத்தின்மீது சாய்ந்தார். கை மெல்ல மேலே கிளம்பியது.

"ஏய்!" என்றார் ஹாலரன்.

"வேணாம்யா," என்றார் ஷாயா, கேமராவுக்கடியிலிருந்து. "படகு நிக்குதுய்யா."

வினோகூர் பாய்மரத்தைத் தொட்டார். விரல்களை உதட்டில் வைத்து எடுத்தார். பிறகு முழங்காலிட்டு, ஒற்றைக் கண்ணால் கேமராவை நேராகப் பார்த்து, தன் காதை விட்டுவிட்டுக் கையை முன்னால் நீட்டி, மூன்று வயதுப் பெண் நின்றால் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், இரண்டு விரலால் காற்றைப் பிடித்து மெதுவாக ஒருமுறை இழுத்தார்.