சின்னக்கருப்பின் இடது தொடை

வலது 44, இடது 39. முட்டிக்கு மேலே நான்கு விரல் தள்ளி, டேப் வைத்து எடுத்த சென்டிமீட்டர் கணக்கு.

மானகிரி சின்னக்கருப்புக்கு நாற்பத்திரண்டு வயது. காரைக்குடியில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் இருபது வருடமாக மூட்டை தூக்கியவர். ஆடி மாதம் லாரியிலிருந்து சரிந்த மூட்டை இடது முட்டியை உடைத்தது. கட்டுப் பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. அவர் இடத்தில் இப்போது வேறொருவர் தூக்குகிறார்.

"தை மூணாம் தேதி வா. அம்பது கிலோவத் தூக்கிக்கிட்டு லாரிக்குச் சாத்துன பலகையில ஏறிக் காட்டு. ஏறிட்டா ஒன் இடம் ஒனக்கு" என்று மூட்டை தூக்கும் குழுவின் தலைவர் முத்தப்பன் சொல்லியிருந்தார்.

பிசியோதெரபிஸ்ட் சப்ரின் சொன்னபடி சின்னக்கருப்பு இடது காலில் மணல்பை கட்டித் தினமும் காலைத் தூக்கிப் பழகினார். மனைவி அழகி நான்கு முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்தாள். ஆறு வாரம் கழித்தும் 39. அழகி கறிக்கடையை மாற்றினாள்.

"அண்ணே, குடிக்கிறீகளா?" என்றார் சப்ரின்.

"எப்பயாச்சும் தாயி."

"எப்பயாச்சும்னா?"

"சனிக்கிழமை கூட்டாளிக கொண்டாருவாக. மிச்சத்த வச்சுக்கிட்டு தெனமும் கொஞ்சம். வலிக்கு, தூக்கத்துக்கு."

எவ்வளவு என்று கேட்டதற்கு டம்ளரில் நான்கு விரல் வைத்துக் காட்டினார்.

"பயிற்சி பண்றப்ப சதை லேசா அடிபடும்ணே. ஒடம்பு அதச் சரிபண்ணித்தான் புதுச் சதை போடும். குடிச்சா அந்த வேலை மந்தமாயிரும். தூக்கமும் வந்த மாதிரி இருக்கும், ஆனா அசந்த தூக்கமா இருக்காது. அக்கா வைக்கிற சூப்புல ஒரு குத்தமும் இல்ல."

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சு வாங்குவார்கள். இந்தக் குழு பிராந்தி வாங்கும். மூட்டை தூக்கும் உடம்புக்குச் சூடு வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சனிக்கிழமையும் வந்தார்கள். சின்னக்கருப்பு டம்ளரைக் கையால் மூடினார்.

"என்னப்பா, மாலை போட்டிருக்கியா?" என்று ஒருவர் சிரித்தார்.

"இல்லண்ணே. குடிச்சா சதை ஏறாதாம்."

"இருவது வருசம் எங்களோட குடிச்சுத்தான மூட்டை தூக்குன?" என்றார் முத்தப்பன். "நேத்து வந்த புள்ள பேச்சு இனிக்குது. நாங்க கொண்டாந்தது கசக்குதோ?"

இடத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் முடிந்தவர் முத்தப்பன் ஒருவர்தான். சின்னக்கருப்புக்கு அது தெரியும். கையை எடுக்கவில்லை. பாட்டிலை அவர்களே முடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. குடியை விட்ட முதல் பத்து நாள் அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை; எரிச்சலில் அழகியிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில் 41.

"இன்னும் மூணு பாக்கிண்ணே. ஆனா ஏறுது" என்றார் சப்ரின்.

தை மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்குச் சின்னக்கருப்பு கிட்டங்கிக்குப் போகிறார். அங்கே ஐம்பது கிலோ மூட்டையும் உண்டு, எழுபத்தைந்து கிலோ மூட்டையும் உண்டு. எந்த மூட்டை என்பதை முத்தப்பன் சொல்வார்.